அறிவியல், பொருளாதார வகுப்பில் வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அறிவியலும் பொருளாதாரமும் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பெற்றோர் சிலரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. வீடியோ போட்டா பசங்க நிஜமாவே கத்துக்கிறாங்களா, இல்ல வேடிக்கை பாத்துட்டுப் போயிடுறாங்களா?

போட்டுவிட்டு நாம் ஓரமாக நின்றால் பெரும்பாலும் வேடிக்கைதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2004-ல் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது வீடியோ இல்லை, மேசைமேல் நேரடியாகச் செய்துகாட்டும் சோதனைகள். சும்மா பார்த்த மாணவர்கள், அந்தச் சோதனையைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக முன்னால் நின்றார்கள். கண்ணெதிரே நடந்த சோதனைக்கே அப்படி என்றால், திரையில் ஓடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: முக்கியமான சம்பவம் நடப்பதற்கு ஒரு நொடி முன்னால் வீடியோவை நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். வாயால் கேட்டால் முதல் பெஞ்சில் ஒருவர் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். எழுதி முடித்த பிறகு ஓடவிடுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு பழக்கத்தைச் சார்ந்தவை.

2. எத்தனை நிமிஷ வீடியோ சரியா இருக்கும்?

எடெக்ஸ் இணையப் படிப்புகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் ஒட்டி உட்கார்ந்திருந்த நேரம் நடுத்தரமாக ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் தாங்களாகவே விரும்பிச் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாடு முடிந்து ஆறாவது பீரியடில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று நிமிடமே தாராளம்.

பன்னிரண்டு நிமிட வீடியோவில் உங்களுக்கு வேண்டியது 4:10-லிருந்து 6:00 வரை என்றால் அதை மட்டும் போடுங்கள். தொடக்க இசை, வரவேற்பு, 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' எதுவும் வகுப்புக்கு வேண்டாம். நிமிடக் கணக்கை முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.

3. நல்ல வீடியோ எங்கதான் கிடைக்கும்? தேடினா ஆயிரம் வருது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-லிருந்து கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் அந்தந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகள் யூடியூபிலும் கிடைக்கின்றன. இவை பாடத்திட்டத்தோடு அப்படியே பொருந்தும், கலைச்சொல்லும் புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் பல வீடியோக்கள் கரும்பலகைப் பாடத்தைப் படமெடுத்தது போலவே இருக்கும். பாடம் நடத்த நீங்களே இருக்கும்போது அது எதற்கு? வராத பிள்ளைக்கும் திருப்புதலுக்கும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் காட்டுவதற்கு நான் தேடுவது பச்சையான காட்சிப் பதிவுகளை. விளக்கவுரை குறைவாகவும் நடப்பது தெளிவாகவும் இருக்க வேண்டும். இன்னொன்று, வீடியோவைவிட மேலானது: கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய பெட் சிமுலேஷன்கள். மின்சுற்று, அடர்த்தி, அலைகள் என்று எல்லாம் இலவசம். வீடியோவில் பார்க்க மட்டும்தான் முடியும். இதில் பிள்ளையே ஒன்றை மாற்றிப் பார்த்து, என்ன ஆகிறது என்று கவனிக்கலாம்.

4. எங்க ஸ்கூல்ல நெட் வரவே வராது. அப்ப?

திக்‌ஷா செயலியில் முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போங்கள். புரொஜெக்டர் இல்லையென்றால் ஒரு மடிக்கணினியைச் சுற்றி எட்டுப் பேராக உட்கார வைக்கலாம். படம் சின்னதாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். சத்தம் கேட்கவில்லை என்றால் வகுப்பு கலைந்துவிடும். பணம் செலவழிக்க முடிந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.

5. நிறுத்து நிறுத்துன்னு சொல்றீங்க. ஒரு வீடியோவை வெச்சு எப்படின்னு காட்டுங்களேன்.

1971 ஆகஸ்ட் 2. அப்போலோ 15 பயணத்தின் தளபதி டேவிட் ஸ்காட் நிலாவில் நிற்கிறார். வலக்கையில் 1.32 கிலோ எடையுள்ள சுத்தியல், இடக்கையில் ஒரு வல்லூறு இறகு, வெறும் 30 கிராம். இரண்டையும் ஒரே உயரத்தில் பிடித்திருக்கிறார். இங்கே நிறுத்துங்கள். 'எது முதலில் தரையைத் தொடும்?' நோட்டில் வரும் பதில்கள் மூன்று வகை. சுத்தியல் என்பார்கள் சிலர். இரண்டும் ஒன்றாக என்பார்கள் சிலர். இன்னும் சிலர் 'நிலாவில் ஈர்ப்பு இல்லை, ரெண்டும் மிதக்கும்' என்று எழுதுவார்கள். மூன்றாவது கூட்டம் எந்த வகுப்பிலும் இருக்கும். காற்று இல்லாததையும் ஈர்ப்பு இல்லாததையும் ஒன்றென்று நினைத்திருக்கிறார்கள். பாடம் முழுக்க நடத்தினாலும் இது வெளியே வராது. இந்த ஒரு நிறுத்தத்தில் வந்துவிடும்.

இப்போது ஓடவிடுங்கள். இரண்டும் சேர்ந்து விழுகின்றன. அத்தோடு விடாதீர்கள். மறுபடி போட்டு, கடிகாரத்தில் நேரம் அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1.4 நொடி வரும். நிலாவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி². பாதி பெருக்கல் 1.62 பெருக்கல் 1.4-ன் வர்க்கம், கிட்டத்தட்ட 1.6 மீட்டர். விண்வெளி உடையில் நிற்கும் ஒரு மனிதரின் கை உயரம் அவ்வளவுதானே! அதே உயரத்திலிருந்து நம் வகுப்பறையில் விழுந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். 0.57 நொடி. புத்தகத்தில் இருக்கும் வாய்பாடு நிலாவிலும் வேலை செய்வதைத் தன் கணக்கிலேயே கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

ஓடியது ஒரு நிமிடம்கூட இல்லை. வகுப்பு அரை மணி நேரம் நடந்தது.

6. நல்ல வீடியோ எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கு. தமிழ் மீடியம் பசங்களுக்கு என்ன பண்றது?

சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே தமிழில் பேசுங்கள். இது சமாளிப்பு இல்லை, இதுதான் நல்ல வழி என்றே நினைக்கிறேன். உங்கள் வேகத்தில் போகலாம், உங்கள் பிள்ளையின் பெயர் சொல்லிக் கேட்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிலா வீடியோவுக்கு மொழியே தேவையில்லை. வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுப் போனால் தடுமாற்றம் இருக்காது.

7. லேப்ல கெமிக்கல் இல்ல, டைமும் இல்ல. சோதனைக்குப் பதிலா வீடியோ காட்டிட்டா போதும்ல?

போதாது. 2018-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பலகையில் குறிபார்த்துச் சிறு அம்பு (டார்ட்) எறிவது போன்ற திறமைகளை வீடியோவில் பலமுறை பார்த்தவர்களுக்கு 'நமக்கும் வரும்' என்ற நம்பிக்கை கூடியது. செய்யச் சொன்னபோது, ஒருமுறை பார்த்தவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலாகச் செய்யவில்லை. தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) கடைசிச் சொட்டில் நிறம் மாறும் இடத்தைப் பிடிக்கும் பக்குவம், பியூரெட்டைத் திருகும் விரலுக்குத்தான் வரும்.

வகுப்பில் செய்ய முடியாததற்கு வீடியோ. நாளெல்லாம் ஆகும் மொட்டு விரிதல், ஆபத்தான சோடியம் தண்ணீரில் விழும் காட்சி, தொலைவில் இருக்கும் எரிமலை, கண்ணுக்குத் தெரியாத செல் பிரிதல் எல்லாம் அந்த வகை. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் போதும் என்கிற சோதனையை வீடியோவில் காட்டாதீர்கள். அதைப் பிள்ளைகள் செய்யட்டும்.

8. பாத்து முடிச்சதும் 'புரிஞ்சிடுச்சு மிஸ்'னு சொல்றாங்க. டெஸ்ட் வெச்சா ஒண்ணும் எழுதல. ஏன்?

இன்று யூடியூபில் அறிவியல் வீடியோக்களுக்குப் பெயர்பெற்ற டெரெக் முல்லர், 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே இதைத்தான். தெளிவாக, நேராக விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் 'நன்றாக இருந்தது, எளிதாக இருந்தது' என்றார்கள். மதிப்பெண் ஏறவில்லை. இன்னொரு வீடியோவில் ஒருவர் மாணவர்களுக்கு வழக்கமாக இருக்கும் தவறான எண்ணங்களைச் சொல்ல, மற்றவர் கேள்வி கேட்டு மடக்குவார். அதைப் பார்த்தவர்கள் 'குழப்பமாக இருந்தது' என்றார்கள். மதிப்பெண் அவர்களுக்குத்தான் ஏறியது. வழவழப்பான வீடியோவில் பிள்ளை தான் ஏற்கெனவே நினைத்திருந்ததையே கேட்டுவிட்டுப் போகிறது. தன் எண்ணம் தவறு என்று அதற்குத் தெரியவே இல்லை.

ஆகவே வீடியோ முடிந்ததும் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். திரையை அணைத்துவிட்டு, பார்த்ததை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்தி எழுதுவது ஒரு வாரம் கழித்தும் மனதில் நிற்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் காட்டியிருக்கிறார்கள்.

9. சயின்ஸுக்குச் சரி. எகனாமிக்ஸ்ல காட்ட என்ன இருக்கு? எல்லாம் கிராஃப்தானே?

இருக்கிறது. பில் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 1949-ல் லண்டன் பொருளியல் பள்ளியில் ஓர் இயந்திரத்தைக் காட்டினார். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். கண்ணாடி போன்ற தொட்டிகள், குழாய்கள், அதில் வண்ணத் தண்ணீர். தண்ணீர்தான் நாட்டின் வருமானம். ஒரு கிளையில் வரி பிரிந்து போகும், இன்னொன்றில் சேமிப்பு, இன்னொன்றில் இறக்குமதி. அரசுச் செலவும் முதலீடும் ஏற்றுமதியும் வேறு குழாய் வழியாகத் திரும்ப வந்து சேரும். கேம்பிரிட்ஜில் ஒன்றைப் பழுதுபார்த்து ஓடவைத்திருக்கிறார்கள், அதன் வீடியோ கிடைக்கிறது. 'வரிக் குழாயைப் பெரிதாகத் திறந்தால் கீழே இருக்கும் தொட்டியில் மட்டம் ஏறுமா, இறங்குமா?' என்று நிறுத்திக் கேளுங்கள். வருமானத்தின் வட்ட ஓட்டத்தைப் பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியபோது வராத கேள்விகள் எல்லாம் வரும்: 'அப்ப அந்த வரி எங்க போகுது, மறுபடி வராதா?'

ஆனால் பொருளாதாரத்துக்கு எனக்கு அதிகம் கைகொடுப்பது பழைய செய்தி வீடியோக்கள்தான். அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

10. செய்தி வீடியோவை வெச்சு தேவை, அளிப்பு எப்படி நடத்துறது?

2023 ஜூலையில் தக்காளி விலை சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அப்போதைய கோயம்பேடு செய்தி எதை எடுத்தாலும் அதில் மூன்று விஷயம் இருக்கும்: ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரத்து குறைந்தது, விலை ஏறியது, மக்கள் குறைவாக வாங்குகிறார்கள். இந்த மூன்றையும் கேட்டதும் நிறுத்தி, பிள்ளைகளை வரைபடம் வரையச் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் அளிப்புக் கோட்டை இடப்பக்கம் நகர்த்துவார்கள். சரி. கூடவே தேவைக் கோட்டையும் இடப்பக்கம் நகர்த்திவிடுவார்கள், 'மக்கள் வாங்குவது குறைந்துவிட்டதே' என்று. பதினோராம் வகுப்பில் ஆண்டுதோறும் தவறிப்போகும் இடம் இதுதான். விலை ஏறியதால் வாங்கும் அளவு குறைந்தால் அது அதே கோட்டின் மேல் நகர்வு. கோடு அப்படியே இருக்கிறது. மக்களின் வருமானம், ருசி, மாற்றுப் பொருளின் விலை என்று வேறு ஏதாவது மாறினால்தான் தேவைக் கோடே நகரும். இதை எப்படி உறுதி செய்வது? 'நாளைக்கே பழைய விலைக்கு வந்துவிட்டால் உங்கள் அம்மா பழையபடி வாங்குவார்களா?' என்று கேளுங்கள். வாங்குவார் என்றால் கோடு நகரவில்லை. அவர்களே ஒரு கோட்டை அழித்துவிடுவார்கள்.

அப்புறம் ரேஷன் கடைக் காட்சி. வரிசை நிற்கிறது. 60 ரூபாய்க்கு எத்தனை பேர் வாங்க வருவார்கள், அவ்வளவு சரக்கு இருக்குமா, பக்கத்துக் கடையில் விலை என்ன ஆகும்? இதில் ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம். சமநிலை விலைக்குக் கீழே விற்றால் என்ன ஆகும் என்பதை வரிசையில் நிற்பவர்களை வைத்தே பேசலாம்.

11. எகனாமிக்ஸ் வீடியோ ஒண்ணு மாத்தி ஒண்ணு சொல்லுது. குறைந்தபட்சக் கூலி வேலையைக் குறைக்கும்னு ஒருத்தர், குறைக்காதுன்னு ஒருத்தர். எதைக் காட்டுறது?

இரண்டையும். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, அதையே அறிவியல் விதி போல நம்பவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொருளாதார வீடியோ எடுக்கும் பலருக்கு ஒரு நிலைப்பாடு இருக்கிறது. சந்தையை நம்புகிற அமைப்புகளும் எடுக்கின்றன, அரசின் தலையீட்டை நம்புகிறவர்களும் எடுக்கிறார்கள். எடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்பதை வீடியோவுக்கு முன்னாலேயே பலகையில் எழுதிவிடுங்கள்.

குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லையின் இரு பக்கத்திலும் இருந்த துரித உணவுக் கடைகளை டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் ஒப்பிட்டு, வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். மற்றவர்கள் வேறு தரவை வைத்து மறுத்தார்கள், விவாதம் நீண்டது. கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி 'யார் சொல்வது சரி?' என்பதல்ல. 'இதை முடிவு செய்ய எந்த இரண்டு ஊரை ஒப்பிடுவாய்?' என்று கேளுங்கள். அங்கே பொருளாதார வகுப்பும் அறிவியல் வகுப்பு ஆகிவிடுகிறது.

12. வீடியோல எல்லாம் டாலர், ஃபெடரல் ரிசர்வ்னு வருது. நம்ம பசங்களுக்கு ஒட்டுமா?

கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணை மாற்றுங்கள். வட்டி விகிதம் பற்றிய வீடியோ ஓடி முடிந்ததும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி), பணவீக்கத்துக்கு அது வைத்திருக்கும் 4 சதவீத இலக்கு, வீட்டில் யாராவது வாங்கிய வண்டிக் கடனின் தவணை என்று நம் ஊருக்கு வந்துவிடுங்கள். 'ஏன் அரசு நிறைய நோட்டு அடித்து எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது?' என்ற கேள்வி எழும்போது மட்டும் வெளிநாடு போகலாம். 2009-ல் ஜிம்பாப்வே வெளியிட்ட நோட்டில் ஒன்றுக்குப் பின்னால் 14 சுழியம் இருந்தது. அந்த நோட்டின் படத்தை வைத்து, இவ்வளவு சுழியம் வர என்ன நடந்திருக்கும் என்று கேட்டாலே பணவீக்கம் பாதி நடத்தி முடித்த மாதிரி.

13. நல்ல பேர் எடுத்த வீடியோலயே தப்பு இருந்தா நமக்கு எப்படித் தெரியும்?

இருக்கும். ஒத்ததிர்வுக்கு உதாரணமாக உலகம் முழுக்கக் காட்டும் டகோமா பாலம் வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலையில் திறந்த தொங்கு பாலம். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி மணிக்கு 64 கிலோமீட்டர் அளவிலான காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி உடைந்து விழுந்தது. 'காற்றின் அதிர்வெண் பாலத்தின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனது' என்று விளக்கவுரை வரும். காற்று அன்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. பாலம் முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கலே காற்றோட்டத்தை மாற்ற, மாறிய காற்று முறுக்கலை இன்னும் பெரிதாக்கியது. ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. எளிய ஒத்ததிர்வு அதுவல்ல என்று ஆய்வாளர்கள் பிலாவும் ஸ்கேன்லனும் 1991-லேயே விளக்கிவிட்டார்கள்.

அந்த வீடியோவில் இன்னொன்றும் உண்டு. நொடிக்கு 16 படமாக எடுத்ததை 24 படமாக ஓட்டிய பிரதிதான் அதிகம் சுற்றுகிறது. அதனால் பாலம் உண்மையைவிட ஒன்றரை மடங்கு வேகமாக ஆடுகிறது. 5-வது பதிலில் சொன்னபடி நேரம் அளக்கும் வேலையை இதில் செய்தால் விடை தவறும். இதனால் வீடியோவைத் தூக்கிப்போட வேண்டாம். பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் விளக்கவுரையோடு காட்டி, 'காற்று சீராக அடித்தால் அதற்கு அதிர்வெண் எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். தவறுள்ள வீடியோவே அன்றைய பாடம்.

14. யூடியூப் வீடியோவை க்ளாஸ்ல போட்டா காப்பிரைட் பிரச்சினை வருமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளில் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி திரையிடுவதற்கு விலக்கு அளிக்கிறது. வகுப்பில் காட்டலாம். அதையே வெட்டி ஒட்டி உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி வேண்டும்.

15. போர்ஷன் முடிக்கவே நேரம் இல்ல. இதெல்லாம் எப்ப செய்ய?

எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். பிள்ளைகள் வழக்கமாகத் தவறாக நினைக்கும் இடங்களை மட்டும் பொறுக்குங்கள். விசை நின்றால் இயக்கமும் நின்றுவிடும், பல்பில் மின்னோட்டம் தீர்ந்துபோகும், மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது, விலை ஏறினால் தேவைக் கோடு நகரும். ஒரு பருவத்துக்கு இப்படி நான்கைந்து இடம்தான் தேறும். அங்கே ஒரு பீரியடைச் செலவழித்தால் பின்னால் மறுபடி மறுபடி திருத்தும் நேரம் மிச்சம்.

16. வீட்டுல போனைக் குடுத்தா பாடம் பாக்குறேன்னு ஷார்ட்ஸ் பாக்குறான். பெத்தவங்க என்ன பண்றது?

எந்த வீடியோ, எத்தனை நிமிடம் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் டிவியில் போடுங்கள். பிறகு 8-வது பதிலில் சொன்னதைச் செய்யுங்கள்: அணைத்துவிட்டு 'எனக்குச் சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். உங்களுக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாதவர் கேட்கும்போதுதான் பிள்ளை ஒழுங்காக விளக்க வேண்டியிருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருக்கிறார்கள். வீட்டில் வீடியோ பார்த்தால்தான் அடுத்த வகுப்பு புரியும் என்கிற மாதிரி எதையும் வைக்காதீர்கள்.

17. பார்வைக் குறைபாடு உள்ள பொண்ணு ஒருத்தி க்ளாஸ்ல இருக்கா. காது கேக்காத பையனும் இருக்கான். வீடியோ போட்டா அவங்க ஒதுங்கிடுறாங்களே?

6-வது பதிலில் சொன்ன முறை அந்தப் பெண்ணுக்கு மிகவும் உதவும். நடப்பதை நீங்கள் வார்த்தையில் சொல்லிக்கொண்டே போனால், 'இப்போது இரண்டு கையையும் விரிக்கிறார், ஒரே உயரம்' என்று அவளும் ஊகத்தில் கலந்துகொள்ளலாம். சுத்தியலையும் ஒரு இறகையும் கையில் கொடுத்துவிடுங்கள். வரைபடத்துக்கு அட்டையில் ஃபெவிகால் தடவி நூலை ஒட்டினால் தேவைக் கோடு ஒரு நூல், அளிப்புக் கோடு கொஞ்சம் தடித்த நூல், விரலால் தடவிச் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தப் பையனுக்கு எழுத்துத் துணை வேண்டும். யூடியூப் தானாகப் போடும் எழுத்தைக் கலைச்சொற்களில் நம்ப முடியாது. அன்றைக்கு வரும் சொற்களை வீடியோவுக்கு முன்னாலேயே பலகையில் எழுதிவிடுங்கள். பேசும்போது திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்துப் பேசுங்கள், உதட்டசைவு தெரியும்படி விளக்கை முழுதாக அணைக்காமல் வையுங்கள். ஓடும் படத்தையும் உங்கள் முகத்தையும் ஒரே நேரத்தில் அவன் பார்க்க முடியாது. அதனால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள், பேசி முடித்துவிட்டு ஓடவிடுங்கள்.